பாத்து, பாத்து!

“ஊர்ல எல்லாரும் காசு வாங்கிக்கிட்டு வேலை பார்ப்பாங்க. நீங்க காசு கட்டிட்டு வேலை பார்க்கப் போறீங்களா?” என்று என் மனைவி கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. ஒரு வாரம் லீவு, மினியாபொலிஸிலிருந்து டென்வருக்கு விமான டிக்கெட், தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் என் பங்குப் பணம், இத்தனையும் போட்டுவிட்டு அங்கே நான் செய்யப்போவது, கண் தெரியாத ஒருவருக்குப் பக்கத்தில் பனியில் சறுக்கிக்கொண்டே நாள் முழுக்கப் பேசிக்கொண்டு வருவது. “வீட்ல பேசச் சொன்னா வாயைத் திறக்க மாட்டீங்களே” என்றும் சேர்த்துக்கொண்டாள். அதுவும் உண்மைதான்.

போன இடம் ‘ஸ்கீ ஃபார் லைட்’ என்ற அமைப்பு நடத்தும் ஒரு வார முகாம். பார்வையில்லாதவர்களுக்கும், உடல் அசைவில் குறைபாடு உள்ளவர்களுக்கும் கிராஸ் கன்ட்ரி ஸ்கீயிங் கற்றுக்கொடுத்து, ஆளுக்கு ஒரு வழிகாட்டியைச் சேர்த்துப் பனியில் விடுகிறார்கள். 1975-இல் கொலராடோவில் தொடங்கியது, அப்புறம் அமெரிக்காவுக்குள் இடம் மாற்றி மாற்றி நடக்கிறது. நான் போன வருடம் கொலராடோவின் கிரான்பி பக்கம், ஸ்னோ மவுன்டன் ராஞ்ச் என்ற இடத்தில் நடந்தது. கடல் மட்டத்திலிருந்து 2,600 மீட்டருக்கு மேல், அதாவது ஏறக்குறைய நம் தொட்டபெட்டா உச்சி. முதல் இரண்டு நாள் படி ஏறினாலே மூச்சு வாங்கும், தலை லேசாக வலிக்கும், தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும். போகிறவர்கள் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், முடிந்தால் ஒரு நாள் முன்னதாகப் போய்விடுங்கள்.

நான் மதுரைக்காரன். சின்ன வயதில் எனக்குத் தெரிந்த பனி, சைக்கிளில் மணி அடித்துக்கொண்டு வரும் பால் ஐஸ் மட்டும். மினசோட்டாவுக்கு வந்து பத்து வருடம் கழித்து, பிள்ளைகளைத் தியோடர் வர்த் பூங்காவுக்கு ஸ்கீ வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு போய் ஓரமாக நின்று விறைத்துப்போனதில், நிற்பதற்குச் சறுக்கலாமே என்று நானும் ஆரம்பித்தேன். மூன்று குளிர்காலம் விழுந்து எழுந்ததில் சுமாராக வந்துவிட்டது. அந்தச் சமயம் பார்த்துதான் ஆபீஸ் நண்பர் ஒருவர், பிறவியிலேயே பார்வையில்லாதவர், எங்கள் குழுவில் மென்பொருள் எழுதுகிறவர், “உனக்கு ஸ்கீயிங் வருமாமே, வழிகாட்டியாக வருகிறாயா?” என்று கேட்டார். வருடா வருடம் குளிர்காலத்தில் ஒரு வாரம் இவர் எங்கே காணாமல் போகிறார் என்பது அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், நான் சரி என்றது நல்ல மனசால் இல்லை. மதுரையில் என் சித்தப்பாவுக்குச் சர்க்கரையால் பார்வை போய் அப்போது மூன்று வருடம். ஒவ்வொரு முறை ஊருக்குப் போகும்போதும் நான் செய்தது என்னவென்றால், அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் நாற்காலியில் உட்கார வைப்பது, எழுந்தால் “நீங்க உக்காருங்க சித்தப்பா, நான் எடுத்துத் தர்றேன்” என்பது. எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள். ரைஸ் மில்லில் முப்பது வருடம் நின்றுகொண்டே வேலை பார்த்த மனுஷன், திண்ணையில் உட்கார வைத்த பொருளாகிவிட்டார். எங்கேயோ தப்பு செய்கிறோம் என்று தெரிந்தது, எங்கே என்றுதான் தெரியவில்லை.

கிராஸ் கன்ட்ரி ஸ்கீயிங் என்றால் சினிமாவில் மலை உச்சியிலிருந்து பாய்ந்து வருகிறார்களே, அது இல்லை. ஸ்கீ என்பது நீளமான, ஒல்லியான சறுக்குப் பலகை, முன்பக்கம் மட்டும் ஷூவோடு மாட்டியிருக்கும், குதிகால் தூக்கலாம். சமதளத்திலும் சின்ன மேடு பள்ளத்திலும் நடையும் வழுக்கலும் கலந்த ஒரு நடை. பார்வையில்லாதவர்களுக்கு இது எப்படிச் சரிப்படுகிறது என்றால், பனியைச் சமப்படுத்தும் வண்டி போகும்போதே இரண்டு ஸ்கீக்கும் இரண்டு பள்ளக் கோடுகளை அச்சுப் போட்டது மாதிரி போட்டுக்கொண்டு போகும். நம் ஊர் மாட்டுவண்டித் தடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வண்டிக்காரர் தூங்கினாலும் மாடு அந்தத் தடத்திலேயே வீடு வந்து சேர்ந்துவிடும் இல்லையா, அதேதான். காலே வழி சொல்லும். இந்த மாதிரித் தடம் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு இருந்தால் ஒன்றில் அவர், இன்னொன்றில் வழிகாட்டி. கயிறு கிடையாது, கைப்பிடி கிடையாது. நடுவில் இருப்பது பேச்சு மட்டும்.

இதை யோசித்துக் கண்டுபிடித்தவர் கண் தெரிந்த யாரோ புண்ணியவான் என்றுதான் நான் நினைத்திருந்தேன். இல்லை. எர்லிங் ஸ்டோர்டால் என்ற நார்வேக்காரர், 1923-இல் பிறந்தவர், இளம் வயதிலேயே பார்வையை இழந்தவர், நாடறிந்த இசைக் கலைஞர். பார்வையில்லாதவர்களை வீட்டுக்குள் உட்கார வைத்து வைத்தே அவர்கள் உடம்பு கெட்டுப்போகிறது என்பது அவருக்கு அனுபவத்தில் தெரிந்திருந்தது. நார்வேயில் பனிச்சறுக்கு தெரியாதவன் என்றால் நம் ஊரில் சைக்கிள் தெரியாதவன் மாதிரி. ஊரே ஞாயிற்றுக்கிழமை பனிக்குக் கிளம்பும்போது நீ மட்டும் ஜன்னலோரம் உட்கார் என்பதை அவர் ஏற்கவில்லை. 1964-இல் பெய்டோஸ்டோலன் என்ற மலையூரில் பார்வையில்லாதவர்களுக்காக ‘ரிட்டரென்னட்’ என்ற பந்தயத்தை ஆரம்பித்தார், மாவீரர் ஓட்டம் என்று தமிழில் சொல்லிக்கொள்ளலாம். ஆறு வருடம் கழித்து, 1970-இல், அதே ஊரில் விளையாட்டின் வழியே உடல் தேற்றும் மையம் ஒன்றும் அவர் முயற்சியால் வந்தது, இன்றும் நடக்கிறது. பார்வையில்லாதவர்களைப் பனியில் சறுக்க வைக்கும் இந்த யோசனையை அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தவர் ஓலாவ் பெடர்சன், நார்வேயிலிருந்து குடியேறி கொலராடோவின் பிரெக்கென்ரிட்ஜில் ஸ்கீ சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவர். கைகொடுத்தது ‘சன்ஸ் ஆஃப் நார்வே’ என்ற சங்கம். அதன் தலைமையகம் எங்கள் மினியாபொலிஸில்தான் இருக்கிறது, எத்தனையோ முறை அந்தப் பக்கம் போயிருக்கிறேன், ஏதோ பொங்கல் விழா நடத்தும் நம் தமிழ்ச் சங்கம் மாதிரி என்று நினைத்துக் கடந்திருக்கிறேன். நம் சங்கங்களைக் குறை சொல்லவில்லை, பட்டிமன்றத்துக்கு முதல் ஆளாகப் போய் உட்காருகிறவன் நான். ஆனாலும் பிறந்த மண்ணிலிருந்து தூக்கிக்கொண்டு வருவதற்கு இப்படியும் ஒன்று இருந்திருக்கிறது பாருங்கள்.

இந்த அமைப்பில் சம்பளத்துக்கு ஆளே இல்லை. எல்லாரும் தொண்டர்கள். முதல் நாள் போய் இறங்கியபோது கல்யாண வீட்டுக்குள் நுழைந்த மாதிரி இருந்தது. ஒருத்தர் மூட்டை மூட்டையாக ஷூ இறக்குகிறார், ஒருத்தர் ஸ்கீக்கு மெழுகு தேய்க்கிறார், ஒருத்தர் சாப்பாட்டுக் கூடத்தில் எந்த மேஜை எங்கே என்று புதிதாக வந்தவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார், மூலையில் பத்துப் பன்னிரண்டு வழிகாட்டி நாய்கள் முதலாளிகள் காலடியில் தேமே என்று படுத்திருக்கின்றன. யார் பெண் வீடு, யார் மாப்பிள்ளை வீடு என்று தெரியாத குழப்பம் எனக்கு. வரவேற்பு மேஜையில் பெயர் அட்டை எடுத்துக்கொடுத்து அறை எண் சொன்னவரிடம் “பார்வையில்லாதவர்களுக்கு எப்போது வகுப்பு?” என்று கேட்டேன். “எங்களுக்கு நாளைக் காலையில்” என்றார். அட்டைகளை அவர் பிரெயிலைத் தடவித் தடவித்தான் எடுத்திருக்கிறார், நான்தான் கவனிக்கவில்லை. பொறுப்புகளில் இருப்பவர்களில் பலர் பார்வையில்லாதவர்கள் என்பது போகப் போகத் தெரிந்தது. உதவி செய்ய வந்தவன் என்ற நினைப்பு அங்கேயே கொஞ்சம் இறங்கிவிட்டது.

எனக்குப் பிடித்த வேலை ஜோடி சேர்க்கும் வேலை. யாருக்கு யார் வழிகாட்டி என்று முடிவு செய்ய ஒரு சின்னக் குழு இருக்கிறது. வேகம், அனுபவம், எவ்வளவு தூரம் போக ஆசை, பேச்சுக்காரரா அமைதியா என்று எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு பொருத்தம் பார்க்கிறார்கள். சாட்சாத் ஜாதகப் பொருத்தம்தான், ஒரு வாரத்துக்குச் செல்லும். எனக்கு வாய்த்தவர் அறுபத்து நான்கு வயது அம்மா, பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர், நாற்பது வயதுக்கு மேல் கொஞ்சம் கொஞ்சமாகப் பார்வை போனது, ஏழாவது முறையாக வருகிறார். நான் முதல் முறை. “அப்படியென்றால் நான்தான் உனக்கு வழிகாட்டி” என்று கையை நீட்டினார்.

அதற்கு முன்னால் புது வழிகாட்டிகளுக்கு ஒரு நாள் பயிற்சி. கண்ணைக் கட்டிக்கொண்டு, இன்னொரு புது வழிகாட்டி சொல்லச் சொல்ல நான் சறுக்க வேண்டும். கண்ணைக் கட்டிய இரண்டாவது நிமிஷமே எது மேடு எது பள்ளம் என்று காதும் வயிறும் சண்டை போட ஆரம்பித்துவிட்டன. நின்றுகொண்டிருக்கிறேனா வழுக்கிக்கொண்டிருக்கிறேனா என்பதே தெரியாமல், நின்ற இடத்திலேயே விழுந்தேன். அப்போது புரிந்த ஒரு விஷயம் அந்த வாரம் முழுக்க உதவியது: பயமுறுத்துவது இருட்டு இல்லை, பக்கத்தில் இருப்பவன் பேச்சை நிறுத்துவதுதான். என் ஜோடி ஏதோ யோசனையில் ஐந்து நொடி சும்மா இருந்தான். அந்த ஐந்து நொடியில் அவன் விழுந்துவிட்டானோ, நான் ஏதாவது ஓரத்துக்கு வந்துவிட்டேனோ, முன்னால் மரமோ என்று என்னவெல்லாமோ தோன்றியது. அதனால் சொல்ல ஒன்றுமில்லை என்றாலும் ஒன்றுமில்லை என்று சொல்ல வேண்டும். “நேராகத்தான் போகிறது, நூறு மீட்டருக்கு ஒன்றுமில்லை” என்றால் அதுவும் செய்திதான், அதைக் கேட்டவுடன் அவர் தோள் இறங்குவதைப் பார்க்கலாம்.

அவர்களுக்கென்று ஒரு சொல் வழக்கு இருக்கிறது. திசைக்குக் கடிகாரம், நேர் எதிரே பன்னிரண்டு மணி, வலது கைப்பக்கம் மூன்று. “வழி இரண்டு மணிக்குத் திரும்புகிறது” என்றால் எவ்வளவு திரும்ப வேண்டும் என்று அவருக்குத் தெரியும். ஸ்கீ நுனியைக் கொஞ்சம் இடப்பக்கம் ஒதுக்க “டிப்ஸ் லெஃப்ட்”. ரொம்ப ஆபத்து என்றால் ஒரே சொல், “சிட்!” கேட்டவுடன் ஏன் எதற்கு என்று கேட்காமல் அப்படியே உட்கார்ந்துவிட வேண்டும். அதனால் அந்தச் சொல்லை வேறு எதற்கும் வீணாக்கக் கூடாது, மத்தியானம் பெஞ்சில் உட்காரச் சொல்லக்கூட வேறு வார்த்தை தேட வேண்டியிருந்தது.

இப்போது என் மானம் போன கதை.

இரண்டாவது நாள், ஓரளவு கை வந்துவிட்டது என்ற தைரியத்தில் கொஞ்சம் இறக்கமான வழியில் போனோம். அவர் முன்னால், நான் பக்கத்துத் தடத்தில் அரை ஆள் பின்னால். இறக்கத்தின் அடியில் தடம் முடிந்து வெறும் பனி, அதில் வலது பக்கம் வளைவு, வளைவில் யாரோ விழுந்து கிடந்து எழுந்துகொண்டிருக்கிறார். எனக்கு எல்லாம் ஒரே நேரத்தில் தெரிந்தது. தெரிந்ததும் கடிகாரமும் போச்சு, டிப்ஸும் போச்சு, இங்கிலீஷே போச்சு. “பாத்து! பாத்து பாத்து!” என்று தமிழில் கத்தினேன். அவர் ஏதோ விபரீதம் என்று விறைத்து நின்று, விறைத்ததாலேயே நிலை தடுமாறி, வலது பக்கமாகச் சரிந்து விழுந்தார். நான் பிரேக் போடத் தெரியாமல் அவரைத் தாண்டிப் போய் விழுந்தேன்.

அடிபடவில்லை. பனியைத் தட்டிக்கொண்டே “அது என்ன சொல், உங்கள் பாஷையா? என்ன அர்த்தம்?” என்று கேட்டார். நான் யோசித்தேன். பொய் சொல்லலாமா என்றுகூட யோசித்தேன். “பார், பார்த்துப் போ என்று அர்த்தம்” என்றேன். ஒரு நொடி அமைதி. அப்புறம் அந்த அம்மா சிரித்த சிரிப்பு, விழுந்து கிடந்தவரையும் சேர்த்துச் சிரிக்க வைத்துவிட்டது. அன்று ராத்திரி சாப்பாட்டில் மேஜை மேஜையாக இந்தக் கதை போயிற்று. மறுநாள் காலையில் முன்பின் தெரியாத ஒருவர் என்னைக் கடந்து போகும்போது “பாத்து, பாத்து!” என்று வணக்கம் சொல்லிவிட்டுப் போனார்.

ஆனால் சிரித்து முடித்த பிறகு அவர் டீச்சராக மாறி ஒன்று கேட்டார். “சரி, அதையே நீ இங்கிலீஷில் கவனம், கவனம் என்று கத்தியிருந்தால் எனக்கு என்ன தெரிந்திருக்கும்?” ஒன்றும் தெரிந்திருக்காது. ஆபத்து என்று தெரியும், எங்கே, எவ்வளவு தூரத்தில், என்ன செய்யலாம் என்று எதுவும் தெரியாது. என் பயத்தை அப்படியே தூக்கி அவர் மேல் போட்டிருப்பேன், அவ்வளவுதான். யோசித்துப் பார்த்தால் நாம் ஒரு நாளைக்கு எத்தனை “பாத்து” சொல்கிறோம்? பால் காய்ச்சும்போது, பஸ் ஏறும்போது, பிள்ளை மாடிப்படியில் ஓடும்போது. அக்கறைதான், இல்லையென்று சொல்லவில்லை. கேட்கிறவருக்கு அதை வைத்துக்கொண்டு செய்ய ஒன்றும் இருக்காது.

மூன்றாவது நாளிலிருந்து அந்தச் சொல்லை விட்டேன். இறக்கம் வந்தால், தொடங்குவதற்கு முன்பே நிறுத்தி முழுக் கதையும் சொல்லிவிடுவது: நாற்பது மீட்டர் இறக்கம், முதல் பாதியில் தடம் இருக்கிறது, அப்புறம் இல்லை, கடைசியில் இரண்டு மணிக்கு வளைவு, பனி கொஞ்சம் கெட்டியாக இருக்கிறது, ஆள் யாரும் இல்லை. சறுக்கலாம், பக்கவாட்டில் படி இறங்குவது போல இறங்கலாம், ஸ்கீயைக் கழற்றிவிட்டு நடக்கலாம். அப்புறம் வாயை மூடிக்கொண்டு அவர் முடிவுக்குக் காத்திருப்பது. எனக்கு இந்தக் காத்திருப்புதான் எல்லாவற்றையும் விடக் கஷ்டமாக இருந்தது. “நடந்தே போயிடலாமே” என்று நாக்கு நுனி வரை வரும். இறங்க ஆரம்பித்தால் எண்ணிக்கை, “பத்து மீட்டர், ஐந்து, மூன்று, இரண்டு, ஒன்று, சமதளம்”. ஒரு முறை சமதளம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டேன், அவர் நிமிர்ந்துவிட்டார், இன்னும் இறக்கம் பாக்கி இருந்தது. அதிலிருந்து ஒரு நொடி தாமதமானாலும் பரவாயில்லை என்று பழகிக்கொண்டேன்.

இன்னும் சில சின்ன விஷயங்கள், யாராவது முதல் முறை போவதாக இருந்தால் உதவும். குரல் போகும் திசை முக்கியம், தலையைத் திருப்பி மரத்தைப் பார்த்துக்கொண்டே பேசினால் அவருக்குப் பாதிதான் கேட்கும், பனி சத்தத்தைக் குடித்துவிடும், எதிர்க்காற்றில் இன்னும் மோசம். தொண்டைக்கு மிட்டாய் வைத்துக்கொள்ளுங்கள். நடக்கும்போது அவர் கையை நாம் பிடிக்கக் கூடாது, நம் முழங்கைக்கு மேலே அவர் பிடித்துக்கொள்வார், நாம் அரை அடி முன்னால் போனால் நம் உடம்பு ஏறுவதும் இறங்குவதும் அவருக்குத் தெரிந்துவிடும். நான் இத்தனை வருடம் சித்தப்பாவை முன்னால் தள்ளிக்கொண்டு போயிருக்கிறேன், குருட்டாம்போக்கில் யாரை முதலில் விட்டிருக்கிறேன் பாருங்கள். தட்டில் என்ன எங்கே என்பதற்கும் கடிகாரம்தான், உருளைக்கிழங்கு ஆறு மணியில், கோழி பன்னிரண்டில். பேசிக்கொண்டிருக்கும்போது எழுந்து போனால் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போங்கள், காலி நாற்காலியிடம் ஒருவரைப் பேச விட்டுவிட்டுக் காப்பி எடுக்கப் போன பாவத்தை நான் செய்திருக்கிறேன். சேணம் மாட்டிய வழிகாட்டி நாயைத் தடவக் கூடாது, அது வேலையில் இருக்கிறது. முதலாளிகள் பனிக்குப் போகும் நேரத்தில் அவை அறையில் தூங்கும், கொடுத்து வைத்தவை.

அப்புறம் காட்சி வருணனை. நான் கேட்காமலே பேச ஆரம்பித்துவிட்டேன், மலை எவ்வளவு அழகு, வெயில் எப்படி மின்னுகிறது என்று, கொஞ்சம் கவிதை வேறு. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “மரங்கள் பச்சையா, செத்த பழுப்பா?” என்றார். நான் பார்த்தேன். பாதிக்கு மேல் செத்து நிற்கும் பைன் மரங்கள். வண்டு அரித்தது என்றார், அந்தப் பக்கம் முழுக்க மலைச் சரிவுகளில் பைன் வண்டு வந்து காடு காடாக அழித்திருக்கிறதாம், பார்வை இருந்த காலத்தில் பச்சையாகப் பார்த்த இடம். அவருக்கு வேண்டியிருந்தது என் கவிதை இல்லை, கணக்கு. எத்தனை செத்தது, புதுக் கன்றுகள் எவ்வளவு உயரம் வந்திருக்கின்றன. அன்று அரை மணி நேரம் மர எண்ணிக்கைதான் எங்கள் பேச்சு, சொல்லப்போனால் அந்த வாரத்திலேயே எனக்குப் பிடித்த அரை மணி நேரம் அது.

கடைசியில் ஒரு பந்தயம் உண்டு. வேகமாகப் போகிறவர்களுக்கு ஓட்டம், மற்றவர்களுக்கு ‘ராலி’. ராலியில் வேகம் முக்கியமில்லை, எத்தனை நிமிஷத்தில் முடிப்பேன் என்று முன்கூட்டியே எழுதிக்கொடுக்க வேண்டும், சொன்ன நேரத்துக்கு யார் ரொம்பப் பக்கத்தில் வருகிறார்களோ அவர்களுக்குப் பரிசு. கணக்கு டீச்சருக்கு இதை விட என்ன வேண்டும்? வாரம் முழுக்க ஒவ்வொரு கிலோமீட்டரையும் அளந்து வைத்திருந்தார், ஐந்து கிலோமீட்டருக்கு ஐம்பத்து எட்டு நிமிஷம் என்று எழுதிக்கொடுத்தோம். நாலே கால் கிலோமீட்டர் வரை எல்லாம் அச்சு அசலாகப் போயிற்று. கடைசி இறக்கத்தில் நான் முழுக் கதையும் சொல்லி மூன்று வழியும் சொன்னேன். சறுக்குகிறேன் என்றார். சறுக்கினார், வளைவில் விழுந்தார், ஒரு ஸ்கீ கழன்று கீழே ஓடிப்போயிற்று. நான் போய் எடுத்துக்கொண்டு வருவதற்குள் மூன்று நிமிஷம். “ஸாரி, ஸாரி” என்று சொல்லிக்கொண்டே ஷூவில் மாட்டினேன். “விழுந்தது நான், சறுக்குவேன் என்றதும் நான், நீ எதற்கு மன்னிப்பு கேட்கிறாய்?” என்று சள்ளென்று விழுந்தார். கோபம் விழுந்ததற்கு இல்லை, பரிசு போனதற்கு. அறுபத்து இரண்டு நிமிஷம். நாங்கள் பதினெட்டாவதோ பத்தொன்பதாவதோ. ராத்திரி விருந்தில்கூட முகம் தூக்கி வைத்திருந்தார், பாயசம் மாதிரி ஒன்று வந்த பிறகுதான் சமாதானம்.

இந்த அமைப்பின் வாசகம் ஒன்று உண்டு, ‘இதை என்னால் செய்ய முடியுமென்றால் எதையும் செய்ய முடியும்’ என்று. எனக்கு அதில் அவ்வளவு ஈடுபாடு வரவில்லை, என் ஜோடிக்கும் வரவில்லை. “எதையும் செய்ய நான் வரவில்லை, ஸ்கீ பண்ண வந்தேன்” என்பார். ஆனால் புதிதாக வந்தவர்களில் சிலர் அதைச் சொல்லும்போது குரல் உடைவதைக் கேட்டிருக்கிறேன், அதனால் கேலி செய்ய மாட்டேன்.

இந்தியாவில் இப்படி ஒன்று இல்லையா என்று திரும்பி வரும்போது தேடிப் பார்த்தேன். இருக்கிறது. புனேயில் திவ்யான்ஷு கணாத்ரா என்பவர், பத்தொன்பது வயதில் குளுகோமாவால் பார்வை இழந்தவர், 2014-இல் தனியாக பாராகிளைடரில் பறந்தவர். அவர் தொடங்கிய ‘அட்வென்ச்சர்ஸ் பியாண்ட் பேரியர்ஸ்’ அமைப்பு, இரண்டு பேர் மிதிக்கும் சைக்கிளில் பார்வை உள்ளவரையும் இல்லாதவரையும் சேர்த்து உட்கார வைத்து ஊர் ஊராகக் கூட்டிக்கொண்டு போகிறது. இங்கேயும் ஆரம்பித்தவர் பார்வையில்லாதவர்தான்.

அந்த வருடம் ஜூலையில் மதுரைக்குப் போனேன். போன மறுநாள் சாயங்காலம் திண்ணையில் இருந்த சித்தப்பாவிடம், “டீக்கடை வரைக்கும் நடந்து போயிட்டு வருவோமா?” என்றேன். சித்தி உள்ளேயிருந்து “வேணாம்ப்பா, ரோட்டுல வண்டியா வருது” என்றார். சித்தப்பா ஒன்றும் சொல்லாமல் எழுந்து நின்றார். என் முழங்கையைக் கொடுத்தேன், அரை அடி முன்னால் நின்றேன், கடிகாரத்தை விளக்கினேன். முழுவதும் கேட்டுவிட்டு, “மணிக்கணக்கெல்லாம் எனக்கு ஆவாதுடா. சோத்தாங்கைப் பக்கமா, பீச்சாங்கைப் பக்கமா, அதைச் சொல்லு போதும்” என்றார். சரி என்று சோத்தாங்கைக்கே மாறினேன்.

வாசலில் அவர் காலைக் கீழே இறக்கப் போனார், அங்கே இறங்க ஒன்றும் இல்லை, தரையில் இடித்துத் தடுமாறினார். முன்பெல்லாம் எங்கள் வாசலிலிருந்து தெருவுக்கு இரண்டு படி இறங்க வேண்டும். இந்த மூன்று வருடத்தில் பழைய ரோட்டைத் தோண்டாமல் மேலேயே இரண்டு தடவை ரோடு போட்டு, இரண்டு படியும் தாருக்குள் போய்விட்டது.

“ரோடு ஏறிருச்சா?”

“ஆமா சித்தப்பா. வாசலும் ரோடும் இப்ப ஒரே மட்டம்.”

“எப்ப?”

“கடைசியாப் போட்டது போன வருஷம்னு நினைக்கிறேன்.”

“யாரும் சொல்லலையேடா” என்றார்.

இரண்டு பக்கமும் கடைக்காரர்கள், “அண்ணே பாத்து, பாத்து” என்று குரல் கொடுக்க, நான் சோத்தாங்கைப் பக்கம் ஸ்கூட்டர், பீச்சாங்கைப் பக்கம் சாக்கடை மூடி, அது ஆடாது, மிதிக்கலாம் என்று சொல்லிக்கொண்டே போனேன். நூறு அடி போவதற்குள், தெருவில் வேறு என்னென்ன மாறியிருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்துவிட்டார். சைக்கிள் கடை இல்லை, செல்போன் கடை. அடிபம்பு இல்லை. எதிர் வீடு மூன்று மாடி. “அப்புறம் முக்குல நின்ன வேப்பமரத்தையும் வெட்டிட்டாங்க சித்தப்பா” என்றேன்.

“அது தெரியும். வெயில் சொல்லிருச்சு” என்றார்.

டீக்கடையில் பெஞ்சு பீச்சாங்கைப் பக்கம், இரண்டு எட்டு. சொன்னேன். அவர் உட்காரவில்லை, நின்றுகொண்டே குடித்தார்.